குழந்தைக்குக் காட்டுகிற நாள்

என் மகளுக்கு மூன்று வயதில் வலிப்பு வந்தது. கடலூரில் பார்த்த டாக்டர் எங்களைச் சிதம்பரத்துக்கு அனுப்பினார். அங்கே குழந்தைகளின் நரம்புக் கோளாறுகளைப் பார்க்கிற டாக்டர், மாதம் ஒரு முறை வரவேண்டும், மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று சொன்னார். என் கணவர் குவைத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடலூர் முதுநகரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. மாதா மாதம் விடுப்பு கேட்க முடியாது. அதனால் குழந்தைக்குக் காட்டுகிற நாளை மாமா எடுத்துக்கொண்டார்.

மாமா என் மாமனார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே மாமியார் இறந்துவிட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

குழந்தையின் விஷயத்தில் அவர் அவ்வளவு கெட்டி. வலிப்பு எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எந்தக் கை இழுத்தது என்று பழைய டைரி ஒன்றில் எழுதி வைப்பார். டாக்டர் கேட்பதற்குள் சொல்லிவிடுவார். அந்த ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவர், மருந்து கொடுக்கிற பெண், வாசலில் இளநீர் விற்கிறவர் எல்லாருக்கும் அவரைத் தெரியும்.

முதல் வருஷம் பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். இரண்டாம் வருஷம் திடீரென்று ரயிலுக்கு மாறினார். ரயில் நேரம் சரிப்படாது, ஆஸ்பத்திரியில் டோக்கன் தள்ளிப்போகும். “ஏன் மாமா, பஸ்தான் நிமிஷத்துக்கு ஒண்ணு ஓடுதே?” என்று கேட்டேன்.

“குட்டிக்கு ரயிலு புடிச்சிருக்கும்மா” என்றார்.

ஒரு தடவை குழந்தை வந்து சொன்னாள்: “அம்மா, தாத்தா ரயில்ல பாத்ரூமுக்குப் போய்க்கிட்டே இருக்காரு. என்னை வாசல்லயே நிக்கச் சொல்லிட்டாரு.” நான் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். டீயால்தான் அப்படி என்று எனக்குக் காட்டுவதற்காக இரண்டு நாள் டீ குடிக்காமல் இருந்தார். வயசானால் அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

மாதா கோயிலில் எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவர் கடைசி பெஞ்சுக்குப் போனார். பூசை நடக்கும்போது இரண்டு தடவை எழுந்து வெளியே போவார். தன் வேட்டியைத் தானே துவைக்க ஆரம்பித்தார். நான் கேட்டால், “சும்மாதானே இருக்கேன், ஒனக்கு வேலை ஜாஸ்தி” என்பார். இடுப்பு வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். தைலம் வாங்கிக் கொடுத்தேன். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். “இதுக்கெல்லாமா? நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றார். நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா பள்ளிக்குப் போன் செய்தார். “ஒங்க மாமா காலையிலேருந்து தோட்டத்துல நடந்துக்கிட்டே இருக்காரு. வேர்த்துக் கொட்டுது. கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு. சீக்கிரம் வா.”

நான் போனபோது துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வயிறு உப்புசம் என்றார். அடிவயிறு கல்லு மாதிரி எழும்பியிருந்தது வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. ஆட்டோவில் ஏற்றிக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஆண் நர்ஸ் ஒருவர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு டியூப் போட்டார். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். கட்டிலோரம் தொங்கிய பை நிறையச் சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

“எவ்வளவு நாளா ரத்தம் போவுது?” என்று டாக்டர் கேட்டார்.

“ரெண்டு மாசம் இருக்கும்” என்றார் மாமா. என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டபோது, ஒரு வருஷத்துக்கு மேலே என்று சொல்லியிருக்கிறார்.

புராஸ்டேட்டில் புற்றுநோய், முதுகெலும்பு வரைக்கும் பரவிவிட்டது என்றார்கள். சிகிச்சைக்குச் சிதம்பரத்துக்கே எழுதிக் கொடுத்தார்கள். குழந்தைகள் பிரிவுக்கு எதிரே இருந்த கட்டடம் அது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் அத்தனை மாதமும் குழந்தைக்கு இட்லி ஊட்டியிருக்கிறார்.

நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். “மாசாமாசம் இங்கதானே வந்தீங்க மாமா. எதுத்தாப்பல போயி ஒரு சீட்டு போட்டிருக்கலாமே?”

“குட்டிய எங்க வுட்டுட்டுப் போறது? அங்க ஒரு க்யூ, இங்க ஒரு க்யூ. நடுவுல அதுக்கு இழுத்துக்கிச்சுன்னா?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. நான் லீவு போட்டிருப்பேன்.”

“மருமவ கிட்ட இத எப்புடிம்மா சொல்றது” என்றார்.

அதற்குப் பிறகு விடுப்பு கேட்க நான் தயங்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே நாளில் கூட்டிப்போனேன். குழந்தைக்கு முதலில் காட்டினால்தான் தன் ஊசிக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடிப்பார். வீட்டில் அவருடைய பையை நான்தான் காலி செய்தேன். முதல் வாரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் குனிந்த தலை நிமிராமல் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவேன். பத்து நாள் கழித்து ஒரு காலையில், “இன்னிக்கு தெளிவா வந்திருக்கா?” என்று அவராகவே கேட்டார். வந்திருக்கிறது மாமா என்றேன். உண்மையில் வரவில்லை.

தவக்காலத்தில் நடமாட்டம் நின்றுபோனது. என் கணவர் லீவு கிடைத்து வந்து சேர்ந்த நாலாம் நாள் சாயங்காலம் மாமா இறந்தார். நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தோம். குழந்தைக்கு மாத்திரை கொடுத்தாயிற்றா என்று கேட்டார். அதற்குப் பிறகு பேசவில்லை.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, என் கணவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “ஒருதரம் எங்கிட்ட சொன்னாரு” என்றார்.

“என்ன சொன்னாரு?”

“போன்ல. ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னாரு. நான் வெயிலு ஜாஸ்தி, தண்ணி நெறைய குடிங்கன்னேன். சைட்டுல வேலை நேரம். அப்பறம் கேக்கவே இல்ல. ஒங்கிட்ட சொல்லவும் ஒரு மாதிரியா இருந்திச்சு.”

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் அவரிடம் காட்டியிருக்க மாட்டேன். குழந்தைக்குத் தும்மல் வந்தால்கூடப் போனில் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறவர்கள் நாங்கள்; மாமாவின் உடம்பைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

இப்போது குழந்தைக்கு ஏழு வயது. வலிப்பு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் சிதம்பரத்தில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரங்கிப்பேட்டையிலிருந்து வருவதாகவும், பேத்தியின் அப்பா துபாயில் இருப்பதாகவும் சொன்னார். எழுந்திருக்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க காட்டுனீங்களா?” என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. “புள்ளைக்குத்தாம்மா. எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்.”

எதிர்க் கட்டடத்தைக் காட்டி, புள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்ச் சீட்டுப் போட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கமாக இருந்தது. யாரோ ஒரு பொம்பளை இதை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்விட்டு வந்து பார்த்தேன். அவர் இருந்த பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.