எருமை ஏறிய ஏரிக்கரை

அறுபதுகளின் தொடக்கத்தில், சர்வே படிப்பை முடித்துப் பெங்களூரில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் சேர்ந்தேன். தொம்மலூரிலிருந்து தினமும் சைக்கிள். முழு செயின் கவர், இரட்டை ஸ்டாண்டு, அகலக் கேரியர் எல்லாம் உள்ள கனத்த லேடீஸ் சைக்கிள். என் மேலதிகாரியினுடையது மெல்லிய சீமை சைக்கிள். அதை ஒரு கையால் தூக்கிக் காட்டுவது அவருக்கு வழக்கம்.

"ஏம்மா, இது சைக்கிளா எருமையா? இதை வெச்சிக்கிட்டு உனக்கு சைட் வேலை வேறயா? பேசாம டிராயிங் டேபிள்ல உக்காரு. பெரியவர்கிட்ட சொல்லிடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னால் ஆபீஸ் தலைவரான பெரியவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதன்பின் எனக்கு வெளிவேலையே கிடையாது.

மறுநாள் ஏரிக்கரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து மட்டம் பார்க்க வேண்டும். கூலியாள் வரவில்லை. அளவுகோல் பிடிக்க மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

சைக்கிளின் எடை யாருக்கு முக்கியம் என்று எனக்குள் ஒரு வரிசை இருந்தது. மாடிக்குத் தூக்குபவருக்கு முக்கியம். பந்தயக்காரருக்கு அதைவிட முக்கியம். சமதரையில் ஆபீஸ் போகிறவருக்கு ஒன்றுமில்லை. பால் கேன் கட்டுபவருக்குக் கனம்தான் துணை. பின்னால் பாரத்தோடு மேடு ஏறுபவருக்கு, முன்சக்கரம் தரையில் நிற்கும் அளவுக்காவது வண்டி கனக்க வேண்டும்.

கடைசியை அவரிடம் சொல்லவில்லை.

"மட்டக் கருவிப் பெட்டி என் வண்டியில வரட்டும். நீ கட்டினா போதும், கணக்கு சொல்லாதே."

கட்டினேன், கேரியரின் கடைசி நுனியில். கருவிக்கு அடிபடக் கூடாதென்று பெட்டியைச் சாக்கில் சுற்றியிருந்தேன். அவருக்குச் சாக்கு வைக்கவில்லை.

கரை மேட்டில் முன்சக்கரம் மேலே எழும்பியது. அவர் பின்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்தார். வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

"எருமை ஏறிடும் சார். பெட்டியைக் குடுங்க" என்றேன்.

ஏறியது. கருவியின் திருகைத் திருப்பவோ அளவை எழுதவோ அவரால் முடியவில்லை. கருவியில் நான் நின்றேன். இடது கையில் அளவுகோலோடு அவர் வெயிலில் நின்றார்.

"நேரா பிடிங்க சார், சாயுது."

சாயவில்லை.

"இன்னொரு தடவை, சார்."

மாலையில் பெரியவர் அளவு எழுதிய தாளைப் புரட்டினார். "கையெழுத்து வேறயா இருக்கே. மட்டம் யார் பார்த்தது?"

மேலதிகாரி தொண்டையைச் செருமினார். அவர் பேசட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

"நான்தான் சார். சார் கோல் பிடிச்சாங்க. நல்லாவே பிடிச்சாங்க."

டிராயிங் டேபிள் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.