ஆறு கர்ப்பிணிகள், ஒரே மாத்திரை

ஆராய்ச்சி மையத்தில் அவளை எல்லோரும் ‘டப்பாக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாக வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளிடம் சிறுநீர் டப்பா வாங்கி வருகிறாள். வயிற்றுப் பிள்ளைக்குப் பிளாஸ்டிக்கும் பூச்சிமருந்தும் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. போகிற வீட்டில் இதயநோயாளி இருந்தால், மையத்தின் இன்னொரு ஆய்வுக்காக, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுவாள்.

ஒருநாள் ஃப்ரீசர் பழுதாகி ஆறு டப்பாக்கள் நாறிப்போயின. திரும்ப வாங்கி வருவதாகச் சொன்னாள்.

“அவ்வளவு தூரம் எதுக்கு? நான் பாத்துக்கறேன்” என்றார் மேற்பார்வையாளர். மறுநாள் ஆறும் நிரம்பியிருந்தன. வேறு யாரோ போய்வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் பரிசோதனை முடிவு வந்தது. ஆறு பேர் சிறுநீரிலும் இதயநோய் மாத்திரை! தலைமை டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “குடிதண்ணி வழியா கர்ப்பிணிக்குப் போகுது! யாருமே கண்டுபிடிக்காதது!” என்று கட்டுரை எழுதி அனுப்பிவிட்டார்.

டப்பாக்காவுக்குச் சுருக்கென்றது. மதியம் சாப்பிட்டதும் அதே மாத்திரையைப் போடுகிற ஆள் அலுவலகத்திலேயே இருந்தார். நேரே போய்க் கேட்டாள்.

“சார், டப்பாவுல இருந்தது உங்களுதா?”

மேற்பார்வையாளர் பிஸ்கட்டை டீயில் முக்கினார். “மூத்திரம்னா மூத்திரம்தான். அதுல ஆம்பள பொம்பளன்னு எழுதியா ஒட்டியிருக்கு?”

அவள் டாக்டரிடம் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “கட்டுரை போயாச்சும்மா. இத இத்தோட விட்டுடு.” முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. மூத்திரத்தைவிட அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஆறு வீட்டுக்கும் போய் உள்ளதைச் சொல்லி, எழுதிவந்த மனுவை நீட்டினாள். கால் வீங்கி உட்கார்ந்திருந்த எட்டு மாதக்காரி காறித் துப்பினாள். “சீ! அந்தாளோடத என் பேர்லயா அனுப்புனாங்க? என் புள்ளைக்கு என்னான்னு தெரிஞ்சுக்கத்தானேக்கா குடுத்தேன்! எங்க கையெழுத்துப் போடணும்?”

ஆறு பேரும் கையெழுத்திட்ட மனு ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்குப் போனது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. காரணம் ‘எழுத்துப் பிழை’யாம். மேற்பார்வையாளரை மாத்திரைக் கணக்கெடுப்புக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

முதல் வாரமே அவர் நாற்பது படிவங்கள் கொடுத்தார். நாற்பது நோயாளிகளும் ஒருவேளைகூடத் தவறாமல் மாத்திரை போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் செத்து மூன்று மாதமாகிறது. டப்பாக்காவே துக்கம் கேட்டு வந்திருந்தாள். படிவத்தை இரண்டு விரலால் ஓரமாகப் பிடித்துத் தூக்கினாள். அதன் நகலை வைத்து, அடுத்த மனுவை எழுத உட்கார்ந்தாள்.