கவினுக்கு ஓர் இனிஷியல்

போன மாதம் பாண்டிச்செல்வியோடு தேனிக்குப் போயிருந்தேன். சின்னமனூரில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி அவள். திராட்சை பேக்கிங் ஷெட்டில் வேலை. மகன் கவினுக்கு நாலு வயது. பாவம், இழுப்பு வந்து நெஞ்சு கீச்கீச் என்று சத்தம் போட்டது.

குழந்தைகள் ஆஸ்பத்திரி. இப்போதெல்லாம் அங்கே டோக்கன்கூட கம்ப்யூட்டர்தான் கொடுக்கிறது. கவுன்டர் பெண் தட்டிக்கொண்டே கேட்டாள், "அப்பா பேரு?"

"அம்மா பேரு போட்டுக்கம்மா. பாண்டிச்செல்வி," என்றாள் இவள்.

"அதையும் போட்டாச்சுக்கா. அப்பா பேரு இல்லாம ஸ்கிரீன் நகரவே மாட்டேங்குது. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்களேன்..."

ஏதாச்சும் ஒண்ணா? அது எப்படி? வேலைக்கென்று கேரளாவுக்குப் போன மனுஷன், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். பிள்ளை முகம் பார்க்கக்கூட வந்ததில்லை. அந்தப் பெயரை மகன் பெயருக்கு முன்னால் வைக்க மாட்டேன் என்பது பாண்டிச்செல்வியின் வைராக்கியம். ஆனால் பின்னால் நீள வரிசை. தோளில் மூச்சுக்குத் திணறும் பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டு பெயரைச் சொல்லிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் குரல் கொடுத்தார். "ரா.கவின்! வாங்க, டாக்டர் கூப்பிடுறாக."

"நம்மளயாம்மா?" என்றான் பிள்ளை. "ரா யாரும்மா?"

அவள் அவனை இறுக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்ததும் கவினுக்கு மூச்சு சீரானது. அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு நேராக மீனா வீட்டுக்குப் போனேன். மீனா என் அக்கா மகள். அந்த ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த மகராசி அவள்தான்!

"ஏண்டி, அப்பன் பேரு இல்லேன்னா பிள்ளைக்கு மூச்சு முட்டினாலும் டோக்கன் கெடையாதா?"

"நான் அப்படி எழுதவே இல்ல சித்தி. இங்கன வந்து பாருங்க."

பார்த்தேன். அவள் எழுதுவது ஃபங்ஷனல் புரோகிராமிங் என்கிற வகைக் கம்ப்யூட்டர் மொழி ஒன்றில். ஒரு விவரம் எப்படியெல்லாம் இருக்கலாம் என்பதை அதில் ‘டேட்டா டைப்’ என்று கறாராகச் சொல்லிவிடலாமாம். இனிஷியல் என்றால் – அப்பா பெயர் அல்லது அம்மா பெயர். தெளிவாகத்தான் எழுதியிருந்தாள்.

வில்லங்கம் வேறு இடத்தில். கவுன்டர் ஸ்கிரீன் ஒரு மொழி, மருந்துக் கவுன்டர் இன்னொரு மொழி. எந்தெந்த விவரம் வரும், எது கட்டாயம் என்று சொல்லும் பட்டியல், அதாவது ஸ்கீமா, ஒவ்வொன்றுக்கும் வேண்டும். கையால் எழுதினால் தப்பு வருமே என்று, தன் டைப்பைப் படித்து மற்ற மொழிகளுக்கு ஸ்கீமாவைத் தானாக எழுதித்தரும் புரோகிராம் ஒன்றைச் செய்திருந்தாள். ‘அல்லது’ வந்த இடத்தில் அது என்ன செய்தது தெரியுமா? இரண்டையும் எழுதி, இரண்டுமே கட்டாயம் என்று சொல்லிவிட்டது. ‘இது அல்லது அது’ போகிற வழியில் ‘இதுவும் அதுவும்’ ஆகிவிட்டது!

எனக்குச் சிரிப்பு வந்தது. மெஷினைச் சொல்லி என்ன? நாம் மட்டும் ஒழுங்கா? அப்பாவோ அம்மாவோ வந்தால் போதும் என்போம். அம்மா வந்து நின்றால், "ஏன், அப்பா வரலையா?" என்று கேட்போம்.

மீனா சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ள என்ன கேட்டான் சித்தி?" என்றாள். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

புரோகிராமைத் திருத்தி ஸ்கீமாவை மறுபடி எழுத வைத்தாள். உடனே இரண்டு கவுன்டர் புரோகிராம்களும் சரமாரியாக எரர் காட்டின. எனக்குப் பதற்றம். அவளுக்கோ சந்தோஷம்.

"காட்டட்டும் சித்தி. அம்மா பேரு மட்டும் வந்தா என்ன செய்யணும்னு எங்கெல்லாம் எழுதலையோ, அங்கெல்லாம் கத்துது. பதில் எழுதுற வரைக்கும் ஓடாது. இனிமே ஒரு கவுன்டர்லகூட அந்தப் பிள்ளைய மறக்க முடியாது."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டேன். கூச்சம் என்ன, என் அக்கா மகள்தானே?

போன வாரம் கவினுக்கு மறுபடி செக்கப். அதே கவுன்டர், அதே பெண். ஆனால் கேள்வி வேறு.

"இனிஷியல் அப்பா பேராக்கா, அம்மா பேரா?"

பாண்டிச்செல்வி தலையை நிமிர்த்திக்கொண்டாள். தேவைக்கு மேலேயே சத்தமாக, "அம்மா பேரு!" என்றாள்.

வரிசையே திரும்பிப் பார்த்தது... பார்க்கட்டுமே!