ஆற்றுக்குப் போனவள்

இது என் அத்தானுக்கு நடந்தது. அவர் பொய்யே சொல்லாதவர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவர் பார்த்த உத்தியோகமே பொய் சொல்வதுதான். ஆனால் எழவு வீட்டில்கூட யாரையாவது சிரிக்கவைத்துவிடுகிற மனிதர், இதைச் சொல்லும்போது ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அதனால் நம்பினேன். பல்லி விழுந்தாலே நாற்காலியில் ஏறுகிற ஆள் நான். நம்பாமல் இருந்திருந்தால் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

அத்தானுக்கு வேலை ஒரு பழங்காலக் கிராமத்தில். நிஜக் கிராமம் இல்லை, அருங்காட்சியகம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வீடுகளை எங்கெங்கிருந்தோ கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்து உடுப்பில் ஆட்கள் நூல் நூற்பார்கள், விறகு பிளப்பார்கள், மாவரைப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் தாங்களும் இரண்டு சுற்று மாவரைத்துவிட்டு, அந்தக் காலத்து ஜனங்கள் பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுக் காரில் ஏறிப் போவார்கள்.

அத்தான் அங்கே கொல்லர். அதற்கு முன் செல்போன் கடையில் இருந்தவர். சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடிப்பார் என்று என் அக்கா சொல்வாள். அந்தக் கைதான் இப்போது துருத்தி ஊதி, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வருகிற பிள்ளைக்கெல்லாம் ஆளுக்கொரு ஆணி செய்து கொடுத்தது. எல்லா ஆணிக்கும் கொண்டை இடது பக்கம் கோணியிருக்கும். எத்தனை மாதம் அடித்தும் அது மட்டும் நிமிரவில்லை.

அதைப் பார்த்துச் சிரிக்க அக்கா இல்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஐந்து வயது மகள் குட்டியிடம், அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அத்தான் சொல்லிவைத்தார். நாங்களும் ஒத்து ஊதினோம். அக்கா படத்தை மாட்டினால் குட்டிக்குத் தெரிந்துவிடும் என்று அதை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தார்.

அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு சட்டம். வேஷத்தை விட்டு வெளியே வரக்கூடாது. யாராவது செல்போனை நீட்டினால், இது என்ன பண்டம் என்று விழிக்க வேண்டும். அதைச் சோதிக்க மேலாளர் அவ்வப்போது ஆள் அனுப்புவார். எல்லார் வாயையும் மூடிவைத்ததால் அவருக்குப் ‘பூட்டு’ என்று பேர்.

புதிதில் ஒரு அம்மாள் கேட்டாள், கொல்லரே, உன் பெண்டாட்டி எங்கே என்று. மனைவி வேஷத்துக்கு ஆள் போட்டிருக்கவில்லை. அத்தான் வாயில் வந்ததைச் சொன்னார்.

“ஆத்துக்குத் துணி துவைக்கப் போயிருக்கா. இதோ வந்துருவா.”

நன்றாக எடுபட்டது. அதன்பிறகு யார் கேட்டாலும் அதே பதில். சொல்லச் சொல்ல அவருக்கே பிடித்துப்போயிற்று. எங்கோ ஒரு கரையில் அவள் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள்... அவ்வளவுதானே.

ஒருநாள் சாயங்காலம், மூடும் மணி அடித்த பிறகு, ஒரு சிறுமி வந்தாள். ஏழெட்டு வயது. பழங்கால உடுப்பு. கூட வேலை செய்கிற யாரோ பெற்ற பிள்ளை என்று நினைத்தார். பட்டறை வாசலில் நின்று, அதை ஒட்டிய கொல்லர் வீட்டின் உள்ளறைக் கதவையே பார்த்தாள்.

“அம்மா வந்தாச்சா?”

வேஷத்துக்குள்ளேயே பேசுகிறாளே, பூட்டு அனுப்பிய ஆளோ? அத்தான் உஷாரானார். ஆற்றுக்குப் போயிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்றார். தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். அதே கேள்வி. அதே பதில்.

சின்னச் சின்னதாக ஏதோ சரியில்லை... உலைத் தீயில் இவர் முகம் சிவந்திருக்கும். பக்கத்தில் நிற்கிற அவள் முகத்தில் அந்தச் சிவப்பு விழாது. நாளெல்லாம் வெயில் காய்ந்திருக்கும். அவள் நின்ற இடத்தில் மண் ஈரமாக இருக்கும்.

பாவம், இவளுக்கும் ஒரு ஆணி கொடுப்போம் என்று ஒருநாள் அடித்தார். குறட்டில் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோகுமுன் அவள் கையை நீட்டிவிட்டாள். குறடு நழுவியது. பழுத்த ஆணி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

தண்ணீரில் போட்ட சத்தம்.

அவள் கையை மூடிக்கொண்டாள். முகம்கூடச் சுளிக்கவில்லை.

“அம்மா வந்தாச்சா?”

பழக்கதோஷம். அத்தானின் நாக்கு தானாகவே அந்தப் பதிலைச் சொன்னது.

இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்றுதான் நினைத்தார். வேலையை விட்டால் குட்டிக்குச் சோறு ஏது? மறுநாள் போனார். குட்டியைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டார் வெளியூர் போயிருந்ததால் அவளையும் கூட்டிக்கொண்டு. மணி அடிக்குமுன் கிளம்பிவிடுவது என்று திட்டம்.

நல்ல கூட்டம். யாரோ கேட்டார்கள், பெண்டாட்டி எங்கே என்று. சொன்னார். மூலையில் ஆணிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த குட்டி தலைதூக்கிப் பார்த்தாள். அதை அவர் கவனிக்கவில்லை.

மணி அடித்தது. மூலையில் குட்டி இல்லை.

மண் ஈரமாக இருந்தது.

ஓடினார். விறகு பிளக்கிறவர் கோடாலியும் கையுமாக நின்றிருந்தார்.

“உன் பொண்ணு தனியாப் பேசிக்கிட்டே போகுதேப்பா. யார் கையையோ புடிச்சிருக்கிற மாதிரி கைய வேற நீட்டிக்கிட்டு.”

தண்ணீர் தள்ளிச் சுற்றுகிற மாவரைக்கும் சக்கரத்துக்காகத் தேக்கிய குளம் ஒன்று பின்பக்கம் உண்டு. அங்கே எல்லாரும் அதை ஆறு என்றுதான் சொல்ல வேண்டும். சக்கரம் சுற்றும் சத்தம் தூரத்திலேயே கேட்டது.

சளக்... சளக்...

யாரோ துணி துவைக்கிற மாதிரி.

குட்டி முழங்கால் தண்ணீரில் நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி அந்தச் சிறுமி. இடுப்பளவு தண்ணீரில்.

“அப்பா, அம்மா அந்தப் பக்கம் துணி துவைக்கிறாங்களாம். நீங்கதானே சொன்னீங்க.”

இன்னொரு அடி வைத்தாள்.

அத்தானுக்கு நீச்சல் தெரியாது. இறங்கினார்.

“இல்லடா குட்டி. அம்மா ஆத்துக்குப் போகல. ஊருக்கும் போகல. அம்மா செத்துப்போயிட்டா.”

குட்டி நின்றாள்.

அந்தச் சிறுமியும் திரும்பினாள்.

“எங்கம்மாவும்?”

அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னார்.

“ஆமாம்மா.”

அழுகைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு வாய் கோணுமே... அப்படிக் கோணியது.

பிறகு தண்ணீர் மட்டும் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, கொல்லர் வீட்டை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பரம்பரையில் வந்த ஒரு பெண்மணி வீட்டைப் பார்க்க வந்தாள். அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார், இந்த வீட்டில் சின்னப் பிள்ளை யாராவது என்று. அவள் சொன்னாள். உள்ளறையில் ஒரு தாய் காய்ச்சலில் செத்திருக்கிறாள். மகளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்று சொல்லிவைத்தார்கள். பிள்ளை வாசலிலேயே காத்திருந்தது. பிறகு தேடிக்கொண்டு போய்விட்டது.

“இதை இங்க யார்கிட்டயும் சொன்னதில்லைங்க. எப்படிச் சொல்றது?”

தண்ணீரிலிருந்து எடுத்தபோது பிள்ளையின் கை மூடியிருந்ததாம். அதற்குள் இருந்ததைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்களாம். பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பிரித்தாள்.

துருவேறிய ஆணி. கொண்டை இடது பக்கம் கோணியிருந்தது.

தங்கள் வம்சத்தில் யாரும் இப்படிக் கோணலாக அடித்ததில்லையாம், யார் கொடுத்ததென்றே தெரியவில்லையாம் என்றாள் அவள். காலை முதல் அத்தான் அடித்துப் போட்ட ஆணிகள் வரிசையாகப் பக்கத்தில் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். தன் கையிலிருந்ததைப் பார்த்தாள். முடிச்சை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அந்த ஆணி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில்தான் அக்கா படத்தை மாட்டியிருக்கிறோம். அடித்தது நான், அத்தானை நம்பிச் சுவரைக் கொடுக்க முடியாது. குட்டி தினமும் படத்தின் முன்னால் நின்று பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்கிறாள்.

எல்லாம் சரிதான். படத்துக்குப் பின்னால் சுவர் மட்டும் எந்த வெயிலிலும் காய்வதில்லை.