குப்புறப் படு

அக்காவின் முதுகை நான் ஒரே ஒரு முறைதான் முழுதாகப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், வாழையிலையின் மேல் குப்புறக் கிடந்தாள். அடுப்பில் சுட்ட கத்தரிக்காயின் தோலை உரித்தால் உள்ளே என்ன நிறமோ, அது. முகம் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பி, அப்போதுதான் கழுவிப் பொட்டு வைத்த முகம்போல முழுசாக இருந்தது. அந்த முகத்தால் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியாலே?" என்று கேட்டாள்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஒருநாள் பக்கத்து அறையில் வெடிமருந்து தீப்பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓடினார்கள். அக்கா ஓடவில்லை. வாசலைத் தாண்டியதும் வெறுந்தரையில் குப்புற விழுந்து இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். நெருப்பு அவள் முதுகின் மேல் நடந்து போனது. ஓடியவர்களில் இரண்டு பேருக்கு அதன் பிறகு முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அவர்களும் பிழைத்தார்கள். கண்ணாடி இல்லாத வீடுகளில் பிழைத்தார்கள்.

"ஓடுனவளுக்கு மூஞ்சி போச்சு. படுத்தவளுக்கு முதுகு போச்சு," என்பாள் அக்கா. "முதுகை எவன்லே பாக்கப் போறான்?"

உடம்பு தேறி எழுந்ததும் அவள் செய்த முதல் காரியம், தன் மகனுக்கு அந்தப் பாடத்தை எடுத்தது. அப்போது அவன் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. ஓர் எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி. டங்கென்று தட்டுவாள், "குப்புறப் படுலே" என்பாள். அவன் எங்கே நின்றாலும் முகம் தரையில் பட விழ வேண்டும், காதைப் பொத்த வேண்டும். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் சரி, குளித்துவிட்டு அம்மணமாக நின்றாலும் சரி. கொஞ்சம் தாமதித்தால் அதே கரண்டி கெண்டைக்காலில் விழும். வாயில் சோற்றோடு விழுந்து, தரையில் சோறு சிந்தி, அதன்மேலேயே முகம் புதைத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். தெருக்காரர்களுக்கு அது வேடிக்கை. அவன் கடைக்குப் போகும்போது எவராவது ஒரு செம்பைத் தட்டுவார்கள். அவன் விழுவான். சிரிப்பார்கள். அக்கா ஓடிவந்து தட்டியவர்களை ஏசுவாள். பிறகு அவனைத் தூக்கி மண்ணைத் தட்டிவிட்டு, "கையி காதுக்கு வர நேரமாகுது," என்று அடிப்பாள்.

அவள் பாசத்தின் ருசி அது. இரும்பு ருசி.

என் மருமகன் வளர்ந்து விருதுநகரில் கல்லூரிக்குப் போனான். அங்கே மல்யுத்த விரிப்பில் அவனை இறக்கிய உடற்கல்வி ஆசிரியர் திகைத்துப்போனார். மல்யுத்தத்தில் இரண்டு தோளும் விரிப்பில் பதிந்தால் ஆட்டம் முடிந்தது. இவன் தோள் பதியவே இல்லை. தூக்கி எறிந்தால் காற்றிலேயே திரும்பி வயிற்றின்மேல் விழுந்தான். மேலே ஏறி அமுக்கினால், அமுக்கியவன் வெறும் தரையை அணைத்துக்கொண்டிருப்பான். எத்தனையோ ஊர்ப் பையன்கள் அவனைப் புரட்டப் பார்த்து நாக்குத் தள்ளிப்போனார்கள். பதக்கங்கள் வந்தன. அக்கா அவற்றைக் காலண்டர் ஆணியிலேயே மாட்டினாள். அந்தக் காலண்டர் நான் பிழை பார்த்த காலண்டர். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் எனக்கு அதுதான் வேலை. கவிதை எழுதுகிறேன் என்று சொன்னால், "அது சரி, சோத்துக்கு என்ன பண்றீக?" என்று கேட்கிற ஊர்.

"எப்படிடா திரும்புற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எவன் தூக்கிப் போட்டாலும் எனக்குத் தட்டுச் சத்தம் கேக்குது மாமா," என்று சிரித்தான். "எங்கம்மா உள்ள உக்காந்து தட்டிக்கிட்டே இருக்கா."

கல்லூரி முடிந்தது. பதக்கங்களுக்கு வேலை கிடைக்கவில்லை. காவல்துறைத் தேர்வில் உயரம் ஒரு விரல் குறைந்தது. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவனுக்காக ஒரு வண்டி காத்திருக்கிறது. காலையில் வேலையாட்களை அள்ளிக்கொண்டு போகிற கம்பெனி வேன். அவன் அதே நேரத்தில் அதே சாலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போவான். வேன் அவன் பக்கத்தில் வந்து வேகம் குறையும். டிரைவர் கதவைத் தட்டிக் கூப்பிடுவார்: "ஏறுலே. என்னைக்கிருந்தாலும் ஏறத்தான போற."

உள்ளே பெண்கள் சிரிப்பார்கள். "வாங்க பயில்வான், மடியில இடம் இருக்கு," என்பாள் ஒருத்தி. அவர்கள் நடுவில் அக்கா, முதுகு சாயாமல், சீட்டின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். அவள் அதே கம்பெனிக்குத்தான் இன்னமும் போகிறாள். அவன் தலையைத் திருப்பாமல் ஓடுவான். அந்த வேனில் ஏற மாட்டேன் என்று அவன் எனக்குச் சொன்னபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. மீசை முளைத்த பிறகும் அதையேதான் சொன்னான்.

மதுரைக்குப் போனான். ஒரு டயர்க் கடையின் மாடியில் புதுவிதச் சண்டை சொல்லித்தந்தார்கள். குத்தலாம், உதைக்கலாம், மல்யுத்தம் போலப் புரட்டலாம், கழுத்தையும் நெரிக்கலாம். எல்லாம் கம்பிவலைக் கூண்டுக்குள். அங்கே மாஸ்டர் என்று ஒருவர், உடைந்து ஒட்டிய மூக்கோடு. முதல் நாள் அங்கிருந்த அத்தனை பேரையும் இவன் கீழே தள்ளினான். மாஸ்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஒருவன் இவனைக் கீழே சாய்த்தான். சாய்ந்த நொடியில் இவன் திரும்பி வயிற்றின்மேல் படுத்தான். முதுகு முழுதாகத் திறந்து கிடந்தது. அவன் ஏறி உட்கார்ந்து, கழுத்துக்கடியில் கையைக் கொடுத்து நெரித்தான்.

மறுபடி. மறுபடியும் அதேதான்.

"மல்யுத்தத்துல முதுகு தரையில பட்டாத்தான்டா தோல்வி," என்றார் மாஸ்டர். "இங்க தரையில முதுகை ஒட்டி வச்சாத்தான் உயிரோட இருப்ப. மல்லாந்து கிட. காலால அவன் இடுப்பைப் பூட்டு, தலையை இழுத்துப் பிடி. அடி விழும், விழட்டும். திரும்பாத. உங்க ஊர்ல முதுகை என்ன தானமாவா குடுப்பீங்க?"

தானமாகக் கொடுத்த ஒருத்தி அவன் வீட்டிலேயே இருந்தாள். சொல்லியிருக்கலாம்.

திரும்பும்போதெல்லாம் மாஸ்டரின் ரப்பர்க்குழாய் முதுகில் விழுந்தது. தடித்த வரிகளோடு ராத்திரி பஸ்ஸில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் படுப்பான். அக்கா தன் முதுகை அவனுக்குக் காட்டியதில்லை. அவன் தன் முதுகை அவளுக்குக் காட்டவில்லை. ஒரே அறையில் இரண்டு முதுகுகள் சுவரைப் பார்த்துக் கிடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். பையிலிருந்து ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்தான். பார்த்ததும் தெரிந்தது, அதே தட்டு.

"மாமா, நான் மல்லாந்து படுக்கேன். என் மேல உக்காந்து இதைத் தட்டுங்க."

"ஏன்லே, உங்கம்மா தட்டுனது பத்தலையா?"

"அதை எடுக்கத்தான் மாமா தட்டச் சொல்றேன்."

மொட்டை மாடியில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் மல்லாந்து படுத்தான். நான் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்து, காதோரம் தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் நான் கைப்பிடிச் சுவரோரம் கிடந்தேன். அவன் குப்புறக் கிடந்தான், காதைப் பொத்தியபடி. மன்னிப்புக் கேட்டான். மறுபடி படுத்தான். மறுபடி தட்டினேன். எத்தனை ஞாயிறுகள் என்று நினைவில்லை. தட்டு நெளிந்தது. என் முழங்கை தேய்ந்தது. அவன் உடம்பு ஒவ்வொரு சத்தத்துக்கும் கரையில் போட்ட கெண்டைபோலத் துடித்தது. தோள்கள் எழும், அவன் பல்லைக் கடித்து அவற்றைத் தரையில் அழுத்துவான். குழந்தைக்குள் அக்கா ஊற்றி வைத்திருந்ததை நான் சொட்டுச் சொட்டாக வெளியே வடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தட்டினேன், அவன் திரும்பவில்லை. கண்ணீர் மட்டும் இரு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது.

"இன்னொரு தடவை மாமா."

தட்டினேன். திரும்பவில்லை. கரண்டியை வீசிவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடந்த நாட்களில் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சண்டைப் போட்டி வைத்தார்கள். மணமேடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கூண்டு. செலவை ஏற்றது அக்கா வேலை பார்க்கும் கம்பெனி. போஸ்டர் எங்கள் அச்சகத்தில்தான் ஓடியது: இரண்டு பக்கமும் சிதறும் வாணம், நடுவில் என் மருமகனின் முகம். பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருகிறார், இவன் ஜெயித்தால் சோறும் இடமும் கொடுத்துத் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்று மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஜெயிச்சா பெங்களூரு. தோத்தா வேன்," என்றான் என்னிடம். அக்காவிடம், "நீ வராதம்மா," என்றான்.

"நான் எதுக்கு வாரேன்? நீ அடி வாங்குற சீரைப் பாக்கவா?" என்றாள்.

ஆனால் மண்டபம் நிறைய வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. போர்மேன் வீடு வீடாகச் சொல்லிவிட்டார்: வேன் வரும், எல்லாரும் ஏறணும், வராதவுக கம்பெனி திறந்ததும் வேலைக்கு வராதீக. சிரித்துக்கொண்டே சொன்னாராம். அக்கா வந்தாள். கூண்டிலிருந்து நாலாவது வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

எதிராளி கோயம்புத்தூர்ப் பையன், நெடுநெடுவென்று உயரம். முதல் சுற்றில் என் மருமகன் அவனை மூட்டை தூக்குவதுபோலத் தூக்கித் தூக்கிப் போட்டான். தரை அதிர்ந்தது. வேன் பெண்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். பெங்களூர்க்காரர் முன்னால் குனிந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். இரண்டாவது சுற்றும் இவன் பக்கம்தான். கடைசியான மூன்றாவதில், காலைப் பிடிக்கப் பாய்ந்த என் மருமகனின் பொட்டில் எதிராளியின் முழங்கால் மோதியது. மல்லாந்து விழுந்தான். எதிராளி மேலே ஏறினான்.

அவன் திரும்பவில்லை.

தரையோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கால்களால் இடுப்பைப் பூட்டி, தலையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முகத்தில் குத்து விழுந்தது. மறுபடி விழுந்தது. புருவம் கிழிந்தது. அவன் கண் திறந்தே இருந்தது. அவ்வளவு அமைதியான கண்ணை நான் அவனிடம் கண்டதில்லை. "அப்படியே இரு. கொஞ்ச நேரம்தான். அப்படியே இரு," என்று மாஸ்டர் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். புள்ளிகள் இவன் பக்கம். மணி அடித்தால் பெங்களூரு.

நாலாவது வரிசையில் அக்கா எழுந்து நின்றாள். மகனின் முகத்தில் கை விழுவதைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பைக் கத்தினாள்.

"குப்புறப் படுலே. குப்புறப் படு."

மண்டபத்தின் அத்தனை கூச்சலையும் கிழித்துக்கொண்டு அந்தக் குரல் போனது. தட்டுச் சத்தத்துக்கு நாங்கள் பழகியிருந்தோம். இந்தக் குரலை வைத்துப் பழக எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அவன் திரும்பினான். அழகாக, மின்னலாக, கல்லூரியில் யாராலும் தடுக்க முடியாத அதே திருப்பம். முகம் தரையில் புதைந்தது. எதிராளி முதுகில் ஏறிக் கழுத்துக்குள் கையை நுழைத்தான். நெரிக்கிற கையைப் பிடித்து இழுக்க வேண்டும். முடியாவிட்டால் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மருமகனின் இரண்டு கைகளும் காதுகளுக்குப் போயின. காதைப் பொத்திக்கொண்டு நினைவு தப்பினான்.

மண்டபம் சிரித்தது. "காதைப் பொத்துறான்டா," என்றான் எனக்குப் பின்னால் ஒருவன். "குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலைம்பான் பாரு," என்றான் இன்னொருவன். வேனில் வந்த வரிசைகளில் மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. அதில் ஒருத்தி காது வரை போன தன் கைகளை இறக்கி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

மணப்பெண் அறையில், சந்தன வாசம் போகாத பாயில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். விழித்துவிட்டான். பெங்களூர்க்காரர் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார் என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தாள். நேராக அவன் முகத்தை இரு கைகளாலும் ஏந்தினாள். முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள். மூக்கைத் தொட்டாள், பல்லைப் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள்.

"மூஞ்சி தப்பிச்சிருச்சு," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "எம்புட்டுச் சத்தத்துலயும் எங்குரல் கேட்டுச்சு பாத்தியா உனக்கு?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அவன் படுத்தபடியே கையை உயர்த்தினான்.

"மாஸ்டர், அம்மா இருக்காக."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

"கேட்டுச்சும்மா," என்றான் அவன்.

"நான் கத்தலைன்னா மூஞ்சியைப் பேத்துருப்பான்."

"ஆமாம்மா."

வாசலில் வேன் என்ஜினைப் போட்டுக்கொண்டு நின்றது. பஸ் ஸ்டாண்டுக்கு நான் கூட்டிப் போகிறேன் என்றேன். அக்கா கேட்கவில்லை. "தலை சுத்துறவன் பஸ்ஸுல நின்னுக்கிட்டா வருவான்? வேன்ல இடம் கிடக்கு," என்று அவன் கையைப் பிடித்தாள். அவன் வேன் படியைப் பார்த்தான். டிரைவர் அன்றைக்குக் கதவைத் தட்டாமல் திறந்துவிட்டார்.

ஏறினான். சீட்டின் நுனியில், முதுகு சாயாமல், அம்மா உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தான்.

"தள்ளி உக்காருடி," என்று உள்ளேயிருந்து ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைச் சொல்வது கேட்டது. "தம்பிக்கு நல்லா இடம் விடு. நாளப்பின்ன வரணும்ல."