கண்ணாடிக்கு மடிப்பு

கடையில் எல்லோரும் அவளைப் பூனையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சன்னல் திரை தைக்கும் அந்தக் கடையில் கடைசித் தையல் மெஷின் அவளுடையது. அதற்கு அப்பால் சுவர். யாராவது உள்ளே வந்தால் துணிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் வந்தவர் எந்தத் துணியை ஆசையாகத் தொட்டார், விலையைக் கேட்டதும் எப்படிக் கையை எடுத்தார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

பெரிய மருத்துவமனையில் ஒரு தையல் அறை இருந்தது. கிழிந்த விரிப்புகளை அங்கே தைப்பார்கள். நிரந்தர வேலை. முக்கியமாக, யாரிடமும் பேச வேண்டாம். அதற்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். இவளோ ஏழாவதோடு நின்றவள். அதனால்தான் மாலைப் பள்ளியில் சேர்ந்தாள். மொழிப்பாடம் ஒருவழியாக ஓடியது. கணக்கும் இயற்பியலும் காலை வாரிவிட்டன. இரண்டு வீட்டுப்பாடத் தாள்கள் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தன. மூன்றாவதும் இப்படியே இருந்தால் இந்த வருடம் பரீட்சைக்குப் பேர் கொடுக்க மாட்டேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். எங்கே தப்பு என்று அவரிடமே கேட்கலாம். கேட்க வாய் வரவேண்டுமே.

கடைசியில் மாடி வீட்டிலிருந்த நாத்தனாரிடம் போனாள். நாத்தனார் கல்லூரி வரை படித்தவள், மருந்துக்கடையில் வேலை. மகளின் தலையில் பேன் சீவிக்கொண்டிருந்தவள், ஒரு கையால் தாளை வாங்கினாள்.

"அண்ணி, ஜன்னல் நாலடி அகலம், அஞ்சடி உயரம். அதுல போடற கண்ணாடியோட பரப்பு கேட்டிருக்காங்க. இருபது. நீங்க எங்கேர்ந்து நாப்பத்தெட்டைப் புடிச்சீங்க?"

"சுருக்கு விழணும்னா அகலத்தை ரெண்டு மடங்கா எடுக்கணும். எட்டடி. மேலயும் கீழயும் மடிச்சுத் தைக்க ஒரு அடி. அப்ப உயரம் ஆறடி."

சீப்பு நின்றது. "கண்ணாடிக்கா?"

அவள் தாளைப் பார்த்தாள். கண்ணாடி என்றுதான் போட்டிருந்தது. படிக்கும்போதும் கண்ணாடி என்றுதான் படித்திருந்தாள். கைதான் கேட்காமல் துணி வெட்டப் போய்விட்டது. பழைய தாள்களிலும் அதே கதைதான். வேலிக்கும் வயலுக்கும்கூட மடிப்பு விட்டிருந்தாள்.

"கண்ணாடியை மடிச்சுத் தைக்கிற ஆளை இப்பதான் பாக்கறேன். அண்ணன்கிட்ட சொல்லணும்."

"சொல்லித் தொலைக்காதே."

அடுத்தது இயற்பியல். ஐந்து கிலோ பெட்டியை இருபது நியூட்டன் விசையால் இழுக்கிறார்கள். உராய்வைப் புறக்கணிக்கவும். முடுக்கம் என்ன?

"இருபதை அஞ்சால வகுத்தா நாலு. ஒவ்வொரு நொடியும் வேகம் நாலு நாலா ஏறும். அவ்வளவுதான்."

"எதுவரைக்கும்?"

"இழுக்கற வரைக்கும்."

"கையை விட்டுட்டா?"

"அதே வேகத்துல போயிட்டே இருக்கும்."

"சுவர்ல முட்டாதா?"

"கணக்குல சுவர் இல்ல அண்ணி."

"சுவரே இல்லாம அது என்ன வீடு?"

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "தாள்ல எழுதலைன்னா அது இல்ல. சுவர் எழுதலையா, சுவர் இல்ல. மடிப்பு எழுதலையா, மடிப்பு இல்ல. இதை மட்டும் மனசுல வைங்க."

மனசில் வைத்தாள். கடையில் துணி வண்டியைத் தள்ளும்போது, உராய்வு இல்லை, சுவர் இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வண்டி அதன் பாட்டுக்கு நின்றது. அவளுக்குத்தான் தலை சுற்றியது.

மூன்றாவது தாளில் ஒரு கல் வந்து மாட்டிக்கொண்டது. இருபது மீட்டர் உயரத்தில் ஒரு கல்லைக் கைவிடுகிறார்கள், தரையை அடைய எவ்வளவு நேரம்? கல் எழுதியிருந்தது, உயரம் எழுதியிருந்தது. கல்லைக் கீழே இழுக்கும் பூமியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதாதது இல்லை என்றால், கல் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். ஆனால் தரைக்கு வரும் என்கிறார்களே! நாத்தனாருக்கு மாலை வேலை. கேட்க ஆள் இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுப் பள்ளிக்குப் போனாள்.

வாத்தியார் ஒவ்வொருவரிடமும் தாளை வாங்கிக்கொண்டே வந்தார். இவள் பிடியை விடவில்லை.

"என்னம்மா, குடுக்க மனசு வரலையா?"

விட்டால் ஒரு வருடம் போய்விடும்.

"சார்... இந்தக் கணக்குல பூமி இருக்குங்களா?"

பின்வரிசையிலிருந்த லாரி டிரைவர், "இல்லைன்னா நாமெல்லாம் எங்க உக்காந்திருக்கோம்?" என்றார். வகுப்பே சிரித்தது. அவள் காது சுட்டது. தாளை மட்டும் விடவில்லை.

"இருக்கும்மா," என்றார் வாத்தியார். "அதோட முடுக்கம் பத்துன்னு வெச்சுக்கோங்க."

"எழுதலையே சார்."

"அது எப்பவும் இருக்கும், அதனால எழுதல."

"உராய்வும் எப்பவும் இருக்கே சார்?"

"அதையும் சேத்தா இப்ப உங்களால போட முடியாது. அது பின்னாடி வரும்."

"எது இருக்கு, எது இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"தெரியலைன்னா இப்படித்தான் கேக்கணும். முதல்லயே கேட்டிருந்தா ரெண்டு தாள் வீணாப் போயிருக்குமா?"

அவர் பக்கத்தில் நிற்க, கணக்கைப் போட்டாள். இரண்டு நொடி. அவர் சரி போட்டுவிட்டு மற்றவற்றையும் பார்த்தார். ஒரே ஒரு வேலி மட்டும் நீளமாக இருந்தது.

"இது என்ன?"

"மடிப்பு சார்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பரீட்சைக்குப் பேரை எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை படிக்கட்டில் நாத்தனார் வழிமறித்தாள். "பேர் குடுத்தாரா?"

"குடுத்தார். கணக்குல பூமி இருக்கான்னு கேட்டேன்."

"எல்லார் முன்னாடியுமா? நீங்களா?"

"ம்."

"என்ன சொன்னார்?"

"இருக்காம்." அவள் ஒரு படி இறங்கி நின்றாள். "எந்தெந்தக் கணக்குலன்னு கேக்கத்தான் விட்டுப்போச்சு. இன்னிக்குக் கேக்கணும்."