அக்கா அனுப்பிய தீபாவளிக் காரம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், பூண்டு இடித்துப் போட்டு அவர் சுட்ட தட்டையைத் தின்றவர்கள். அந்தத் தட்டை உங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கிய கதை எல்லோருக்கும் தெரியாது. தங்கை என்ற முறையில் அதை எழுத வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

வானூருக்குப் பக்கத்தில், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் சவுக்கும் பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டதால் எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். தன் படிப்பைப் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். முதல் வருடம் அந்த ஊர்த் தண்ணீரை அவரால் வாயில் வைக்க முடியவில்லை. அடுத்த வருடம் பாத்தியில் இறங்கி மாமாவோடு சேர்ந்து உப்பு வாரினார். ஒரே மகள் கவிதா பிறந்தாள்.

மாமாவுக்குச் சுகர் வந்தது. உப்புத் தண்ணீரில் நிற்கிறவருக்குக் காலில் ஒரு கீறல் விழுந்தால் ஆறுவது கஷ்டம். ஒரு தீபாவளிக்கு நாலா பக்கமிருந்தும் வந்த லட்டும் பாதுஷாவும் வீட்டில் குவிந்தன. வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் மாமா கேட்கவில்லை. மழை விடுவதற்குள் புண் முற்றி, வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று அக்கா எங்களிடம் சொன்னார்.

“இனிமே இந்த வீட்ல இருந்து யாருக்கும் ஸ்வீட் போகாது. நம்ம குடுத்ததத் தின்னுட்டு ஒருத்தர் படுத்தாங்கன்னு இருக்கக் கூடாது.”

அடுத்த தீபாவளியிலிருந்து தட்டை, காராசேவு, எள் போட்ட முறுக்கு, பருப்புப்பொடி, மோர்மிளகாய் என்று டப்பாக்கள் போயின. சாமிக்குப் படைக்க மட்டும், வெல்லம் குறைவாகப் போட்ட எள்ளுருண்டை நாலைந்து இருக்கும். உறவில் சிலர் முணுமுணுத்தார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிக்கல் கவிதாவின் தலை தீபாவளிக்கு வந்தது. அவளைப் புதுச்சேரியில் கொடுத்திருந்தோம். விருந்து முடிந்து மகளும் மாப்பிள்ளையும் திரும்பும்போது சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்ப வேண்டும்.

“அக்கா, அவங்களுக்கு மட்டும் கடையில ரெண்டு கிலோ ஸ்வீட் வாங்கிடலாமே” என்றேன்.

“அவங்க வீட்ல யாருக்கும் சுகர் இல்லன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. அதான்.”

டப்பாக்கள் போய்ச் சேர்ந்த மாலையே கவிதா போனில் அழுதாள். சம்பந்தி அம்மா டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டு, “புதுசா வாழ வந்த பொண்ணு கையில காரத்தக் குடுத்தா அனுப்புவாங்க? வேணும்னே பண்ணியிருக்காங்க” என்று சொல்லி, அதற்குப் பிறகு அவளோடு பேசவே இல்லையாம். பொங்கலுக்கு மகளை அனுப்பவில்லை. நாங்கள் போன் செய்தால் சம்பந்தி அம்மா எடுக்கவில்லை. நடுவில் நின்ற மாப்பிள்ளையும் வாடிப்போனார்.

அந்தத் தை மாதம் அக்கா சரியாகச் சாப்பிடவே இல்லை. “ஒரு பாக்ஸ் ஸ்வீட்ல என்ன போயிருக்கும்? எம்பொண்ணு வாழ்க்கைய நானே கெடுத்துட்டனா?” என்று என்னிடம் கேட்டார். எதற்கும் அசையாதவர் அப்படிக் கேட்டபோது எனக்குப் பயமாகிவிட்டது. மாமா நேரில் போய் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். போவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குள் ஒரு காலை, புதுச்சேரியிலிருந்து சென்னை போகும் பஸ்ஸில் வந்து இறங்கினார் சம்பந்தி ஐயா. கையில் ஒரு பை. மாமா பதறிப்போய், “சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனேங்க” என்றார்.

“சொன்னா வீட்ல விடமாட்டாங்க” என்ற ஐயா, பையிலிருந்து எங்கள் டப்பாக்களை எடுத்து வைத்தார். எல்லாம் காலி. “தட்டை தீந்துபோச்சும்மா. அந்தப் பொடியும்தான். சோத்துல போட்டுப் போட்டு நான்தான் தீத்தேன்.”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஐயா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

“எனக்குப் பல வருஷமா சுகர். பையனுக்குப் பொண்ணு பாக்கறப்ப வெளிய தெரியக் கூடாதுன்னு எங்க வீட்ல மறைச்சிட்டாங்க. ஸ்வீட்டே இல்லாம டப்பா வந்ததும், யாரோ உங்களுக்குச் சொல்லிட்டாங்க, குத்திக் காட்டத்தான் அனுப்பியிருக்கீங்கன்னு அவ நெனச்சிக்கிட்டா. எடுத்துச் சொன்னா கேக்க மாட்டேங்கறா.”

அக்கா மாமாவைப் பார்த்தார். மாமா வலது காலிலிருந்து செருப்பைக் கழற்றிக் காட்டினார். உப்பளத்தில் அடிபட்டது என்றுதான் கல்யாணப் பேச்சில் நாங்களும் சொல்லியிருந்தோம்.

“எங்க வீட்டுக்காரருக்கே சுகரால ரெண்டு விரலு இல்லீங்க. நான் யாரக் குத்திக் காட்டப் போறேன்?” என்றார் அக்கா. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

அன்றே ஐயாவோடு புதுச்சேரி புறப்பட்டார். துணைக்கு நானும் போனேன். சம்பந்தி அம்மா எங்களை “வாங்க” என்றாரே தவிர முகம் கொடுக்கவில்லை. அக்கா நேராகச் சமையலறைக்குப் போய், தரையில் உட்கார்ந்து, மாமாவின் கால் கதையை ஒன்று விடாமல் சொன்னார். ஆஸ்பத்திரியில் தனியாக அழுததையும் சொன்னார். சம்பந்தி அம்மா எதிரே உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார்.

“காபி போடறேன். சர்க்கரை போடவா, வேணாமா?”

கதவோரம் நின்ற கவிதாவின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது எனக்கு.

அடுத்த தீபாவளிக்குச் சம்பந்தி அம்மாவே மரக்காணம் வந்துவிட்டார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அங்கே வேலை செய்யும் பெண்களும் சேர்ந்துகொள்ள, எண்ணெய்ச் சட்டி மூன்று நாள் இறங்கவில்லை. ஓமப்பொடி சம்பந்தி அம்மாவின் கைமணம். “உப்ப இன்னும் கொஞ்சம் கம்மியா போடுங்க, பிரஷர் இருக்கறவங்களும் திம்பாங்க” என்று அவர் சொன்னதை அக்கா ஏற்றுக்கொண்டார். அன்று முதல் உங்களுக்கு வந்த டப்பாக்கள் இரண்டு வீட்டாரின் பெயரிலும் வந்தவை.

சென்ற ஆண்டு அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. சில நாட்களே ஆஸ்பத்திரியில் இருந்தார். நீண்ட வேதனை இருக்குமோ என்று அஞ்சினோம். இருக்கவில்லை. ஒரு காலையில், உதட்டைச் சம்பந்தி அம்மா ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருக்க, அக்கா மகளிடம் “அப்பாவுக்கு மாத்திரை குடுத்தியா?” என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்று அவள் சொன்னதும் கண்களை மூடினார். சிறிது நேரத்தில் மூச்சு அடங்கியது. மகள் நன்றாக வாழ்வதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். எங்கள் துக்கத்துக்கு நடுவே அது பெரிய ஆறுதல்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், இறுதிச் சடங்குக்குப் பந்தல் போட்டுக் கூடவே நின்ற உப்பளத் தொழிலாளர்களுக்கும், மகளாய்க் கவிதாவைத் தாங்கும் சம்பந்தி அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது.

இன்னொரு நன்றியும் உண்டு. துக்க வீடு என்பதால் இந்தத் தீபாவளிக்கு நாங்கள் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. காலை முதல் நீங்கள் ஒவ்வொருவராக வந்தீர்கள். முறுக்கு, சீடை, மிக்சர், பூண்டு ஊறுகாய் என்று வைக்க இடமில்லாமல் கட்டில் மேலும் அடுக்கினோம். ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் பழக்க தோஷத்தில் லட்டு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாமா அதில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “விடுப்பா, அவ பாக்கல” என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.